அக்காவுக்குச் சொல்ல வேண்டியது

நாற்பத்து நான்காவது வயதில், ஆட்டிசம் இருக்கிறது என்று டாக்டர் அறிக்கையைக் கையில் கொடுத்ததும், லிஃப்ட் மெக்கானிக் அதை யார் யாருக்குச் சொல்வது என்று பட்டியல் போட்டார். மூன்றே பேர்: மனைவி, நண்பர், அக்கா. பழுதுபார்த்த லிஃப்டைக் கீழ்மாடிகளில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உச்சிக்கு அனுப்புவது அவருடைய தொழில் வழக்கம். மனைவியும் நண்பரும் கீழ்மாடிகள். அக்கா உச்சி. அவள் இவரோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. அவளைப் பேச வைக்காவிட்டால் இந்த அறிக்கை அவருக்கு வெறும் காகிதம்.

அக்கா பேசாததற்குக் காரணம் சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய கணவர் இறந்த அன்று, கூடமே அழுதுகொண்டிருக்க, இந்த மனிதர் ஏணி போட்டு ஏறி ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே அத்தானைக் கிடத்தியிருக்கிறார்கள், மேலே இவர் ஸ்க்ரூடிரைவரோடு. "கல்நெஞ்சுக்காரா, இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று கத்தினாள் அக்கா. மிதிக்காதே என்றால் இவர் மிதிக்கமாட்டார். இப்படிப்பட்டவரிடம் யாரும் கோபத்தில் வாயைத் திறக்கக்கூடாது.

மனைவியிடம் சொல்லும்போது, லிஃப்ட் பழுதைக் குடியிருப்போர் சங்கத்தில் ஒப்பிப்பதைப் போலவே ஒப்பித்தார்: பெயர் இன்னது, இருப்பது பிறந்ததிலிருந்து, கண்டுபிடித்தது இந்த மாதம். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"சரியாகுமா?"

"பழுது இல்ல. அமைப்பே இதுதான்."

"பதினெட்டு வருஷமா நான் என்ன சொல்லிட்டிருக்கேன்?"

"நான் ஒரு தினுசுன்னு."

"டாக்டரும் அதையேதான் சொல்லியிருக்காரு. என்னைக் கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு, மடித்து வைத்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "உங்க அக்காகிட்ட சொல்லுங்க. முதல்ல அதைச் செய்யுங்க."

நண்பர் தொழிலிலும் கூட்டாளி. லிஃப்டின் கூரைமேல் குந்தியபடி கேட்டுக்கொண்டார்.

"தொத்துமா?"

"தொத்தாது."

"அப்ப அந்தப் பெரிய ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தார். சோதனை ஓட்டம் முடிந்தது.

ஞாயிறு காலை அக்கா வீட்டுக்குப் போனார். படியில் கால் வைக்காமல், கையை எட்டி மணியை அடித்து, அறிக்கையை நீட்டினார். அக்கா கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். கதவருகில் நின்றே ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பேனா எடுத்து இரண்டு இடத்தில் பிழை திருத்தினாள்.

"உள்ள வா. கம்பம் மாதிரி நிக்காத."

உள்ளே போனார். அவள் சோபாவில் உட்கார்ந்தாள், இவர் நின்றார்.

"மனசுல ஒண்ணும் இல்லாதவன்னு இதுல எங்கயும் போடலையே?"

"போடல. இருக்கு. வெளிய தெரியறதில்ல."

"அப்ப அன்னிக்கு எதுக்குடா அந்த ஃபேனைக் கழட்டின?"

ஆறு வருடத்தில் இதை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லோரும் திட்டினார்கள், நன்றாகவே திட்டினார்கள்.

"சத்தத்துல தூக்கம் வரலன்னு அத்தான் சொன்னாரு. வியாழக்கிழமை வந்து பாத்துடறேன்னு சொல்லியிருந்தேன். அன்னிக்கு வியாழக்கிழமை."

அக்கா அவரையே பார்த்தாள்.

"அவருக்குன்னு செய்ய எனக்கு வேற எதுவும் தெரியலக்கா."

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொரு தடவை வெளியே போ என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பார்வை தானாகவே ஜன்னல் கொண்டிக்குப் போனது. அதில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. தெரியாவிட்டால் வாய்விட்டுக் கேளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டார்.

"அக்கா, இப்ப நான் என்ன செய்யணும்?"

"பக்கத்துல வந்து உக்காரு" என்றாள் அக்கா. "எதையும் சரி பண்ணாத."

அதைவிடக் கஷ்டமான வேலையை அவர் பார்த்ததில்லை. உட்கார்ந்தார்.