சைடு லீவர் சுமார்தான்

1.

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. கொசுறாக வாங்கினேன். என் மச்சான் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருக்கிறார். ஒரு பூப்பந்து மட்டைக்கு அவரோடு எவ்வளவு மல்லுக்கட்டியும் விலை இறங்கவில்லை. கடைசியில், "வெலயில கை வைக்காத மாப்ள. வேணும்னா ஒரு கதை சொல்றேன், எடுத்துக்கிட்டுப் போ" என்றார். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் கொசுறை வேண்டாமென்று சொல்வதில்லை. சொத்தையா என்று வீட்டுக்கு வந்துதான் பார்ப்பான்.

2.

முதல் தொடக்கம்: "துப்பாக்கியின் குளிர்ந்த இரும்பு அவள் கன்னத்தில்..." வேண்டாம். யாரையோ தீர்த்துக்கட்டப் போகிறாள் என்று நினைத்துவிடுவீர்கள். அவள் சுடுவது காகித வட்டங்களை.

இரண்டாவது: "தையற்காரிக்கு இரண்டு தோளும் இறுகிப்போய் ஒரு வருடமாகிறது." இது இருக்கட்டும். அழகில்லைதான். ஆனால் கதையின் மொத்தப் பாரமும் அந்தத் தோள்களின் மேல்தான்.

அவளும், லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவனும் ஞாயிறுதோறும் குறிசுடும் சங்கத்துக்குப் போவார்கள். மேசையில் மணல்பை வைத்து, அதன்மேல் ஏர் ரைபிளைச் சாய்த்து உட்கார்ந்தபடி சுடும் சங்கம். அவர்களிடம் இருந்தது குழலை மடக்கும் வகை. மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். குண்டைச் செருகி, நிமிர்த்தி, சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு மடக்கு. தோள் இறுகியதிலிருந்து மடக்குவது அவன், சுடுவது அவள். கொடுக்கும்போதெல்லாம் ஒரு யோசனையும் சேர்த்துக் கொடுப்பான்: மூச்சை அடக்கு, கொஞ்சம் இடது. அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. குறி தப்பாததற்கு அதுதான் காரணம்.

போட்டியில் மட்டும் ஒரு விதி: சுடுகிறவரே ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். சங்கத்திலேயே நன்றாகச் சுடுகிறவள் போன போட்டியன்று பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினாள். அடுத்த போட்டியில் அவள் பெயர் இருக்க வேண்டும். அதற்குத் தன் கைக்கு அடங்கும் துப்பாக்கி வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

3.

கணவன்மேல் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவனை, மனைவி எப்போதும் தன் கையையே எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு... மச்சான் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த ஆள் அப்படியில்லையாம். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அவனுக்கு வேறு கொண்டாட்டம் கிடையாதாம். அடித்துவிட்டேன்.

4.

அவர்கள் மச்சான் கடைக்குள் போகும் முன்பு ஒன்று சொல்ல வேண்டும். கடைக்காரர் விலையை ஏற்றிவிடக் கூடாதென்று, பிடித்த பொருளைக் குறை சொல்வது, பிடிக்காததைப் புகழ்வது என்பது இந்தத் தம்பதியின் ஏற்பாடு. திரைச்சீலை, குக்கர், அலமாரி, எல்லாம் இப்படி வாங்கியவைதான்.

[அடிக்குறிப்பு: எங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடு. என் முதல் கதையைப் படித்துவிட்டு அப்பா "பிரமாதம்" என்றார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.]

மச்சான் மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். மடக்கும் வகையை அவள் தொடவேயில்லை. இரண்டாவது, அடி லீவர். இதில் குழல் அசையாது. அதன் கீழே படுத்திருக்கும் கம்பியைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். பாதி வழியிலேயே தோள் பிடித்துக்கொண்டது. மூன்றாவது, சைடு லீவர். துப்பாக்கியை மேசையில் வைத்தபடியே பக்கத்துக் கம்பியைத் தன்னை நோக்கி இழுக்கலாம். குண்டு செருகி முடிக்கும்வரை பிடியை விட்டுவிடக் கூடாது, நழுவினால் விரல் நசுங்கும் என்று மச்சான் இரண்டு முறை சொன்னார்.

அவள் முழங்கையை விலாவோடு ஒட்டி இழுத்தாள். டிக். தோளைத் தூக்கவே தேவைப்படவில்லை.

"அருமையா இருக்கும்மா" என்றான் கணவன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. புகழ்ந்தால் பிடிக்கவில்லை என்றல்லவா ஏற்பாடு? இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்த மச்சானும் துப்பாக்கியை உறைக்குள் போடக் கையை நீட்டினார். அவள் லீவரை விடவில்லை.

"எனக்கு இதுதான் வேணும். ரொம்பப் பிடிச்சிருக்கு."

பேரம் முடியும் முன்பு ஒரு வாடிக்கையாளர் இப்படிப் பேசி மச்சான் கேட்டதேயில்லை. இவ்வளவு பச்சையாகப் புகழ்ந்தால் அடுத்த கடைக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றுதான் அவருக்குப் பட்டது. பதறிப்போய், யாரும் கேட்காமலே விலையைக் குறைத்து, ஒரு டப்பா குண்டையும் மேலே வைத்தார்.

கணவன் அந்த டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்றது?"

"பழைய துப்பாக்கிய எடுத்துக்கிட்டுப் பக்கத்து மேசைல உக்காருங்க. எனக்கும் தோக்கடிக்க ஒரு ஆள் வேணும்ல."

பணம் கொடுத்தார்கள். ரசீதும் வாங்கிவிட்டார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான்.

"சைடு லீவர் சுமார்தாங்க" என்றான் மச்சானிடம்.

அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

5.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் கோப்பை வாங்கினாள். கோப்பை அலமாரியில் இடத்தை அடைத்தது, கதையிலும்தான். இன்னொன்றில் அவன் பழைய துப்பாக்கியால் அவளைத் தோற்கடித்து... நடக்கிற காரியமா? மூன்றாவதை நான் சொல்வதாக இல்லை.

என் சிக்கல் வாசற்படியில் இருக்கிறது. பேரம் முடிந்து, பணமும் கை மாறிய பிறகு ஒருவன் "சுமார்தான்" என்றால், அது ஏற்பாட்டின்படி சொன்னதா, மனதில் இருந்ததா? "பழக்க தோஷம்" என்கிறார் மச்சான். அவள் சிரித்ததைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குச் சொல்லவில்லை. நீங்களே ஒரு முடிவு கட்டிக்கொள்ளுங்கள்.

கதை எப்படி என்று மட்டும் யாரும் புகழ்ந்துவிட வேண்டாம். எனக்குச் சோறு இறங்க வேண்டும்.