ஆறு மணிப் பரிமாற்றம்

ஜப்பான்காரன் காலத்தில், தினமும் மாலை ஆறு மணிக்கு, சூலியா தெரு ஹனீபா தன் வீட்டு நாற்காலியிலிருந்து மறைந்துபோவார். அதே நாற்காலியில் ஒகினு என்கிற ஜப்பானிய அம்மாள் உட்கார்ந்திருப்பார். எட்டு மணிக்கு அவர் போய் இவர் வந்துவிடுவார். மழை நாளில் மட்டும் ஐந்து நிமிடம் தாமதமாகும். மணி என்றால் டோக்கியோ மணி. பினாங்கு வெயிலுக்கு அப்போது நாலரைதான்.

ஹனீபா பங்சாவான் நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் வாசித்தவர். கொட்டகை மூடிவிட்டது, வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அப்போதுதான் வெளிநாட்டுக் கலைஞர் பரிமாற்றத்துக்கு அரசாங்க மானியம் வந்தது: மாதம் ஒரு மூட்டை அரிசி. கலைஞர் அந்நிய தேசத்தில் வாசிக்க வேண்டும், அங்கிருந்து ஒருவர் இங்கே வர வேண்டும். கடலெல்லாம் குண்டு, கப்பலுக்கு எங்கே போவது? ஆகவே உட்கார்ந்த இடத்திலேயே மாற்றிக்கொள்வது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அரிசி கொடுக்கிறவனிடம் போய் யாராவது அதையெல்லாம் கேட்பார்களா?

மானியத்துக்குப் பொறுப்பு அரசாங்கக் குமாஸ்தா, கிராணி விநாசித்தம்பி, யாழ்ப்பாணத்துக்காரர், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பவர். தினமும் படிவத்தோடும் முத்திரையோடும் வருவார். ஆறுக்கு ஒரு குத்து, எட்டுக்கு ஒரு குத்து. படிவத்தை யார் கையிலும் கொடுக்கமாட்டார். “முத்திரை விழேக்க சாமானை இறுக்கிப் பிடியுங்கோ. தொட்டுக்கொண்டிருந்தால்தான் கலைஞரோட சாமானும் போகும். விட்டால் நிண்டிடும்” என்று முதல் நாளே எச்சரித்துவிட்டார். ஹனீபா ஆர்மோனியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார். ஒகினு மூன்று நரம்புள்ள தன் சாமிசென்னை அணைத்துக்கொண்டு வந்தார்.

ஹனீபாவின் மனைவி சித்தி ஆயிஷாவுக்கு அன்று வந்த கோபம் கொஞ்சமல்ல. “எம் மாப்பிள்ளையக் கொண்டுபோயிட்டு எனக்கு ஒரு பொம்பளையக் குடுக்கிறீங்க. நல்லாருக்கு லா கிராணியாரே!” என்றாள். ஆனால் வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வாசித்து முடித்ததும் கேட்காமலே கத்தியை எடுத்து மரவள்ளி உரிக்க உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரத்தில் ஆயிஷா அவருக்குத் தன் சாரோங்கைக் கட்டிவிட்டாள். ஒரு மாதத்தில் சம்பல் பழகிவிட்டது. இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனாலும் பேச்சு நிற்காது. இப்படியே இரண்டு வருடம் ஓடிற்று. வீட்டில் சோறு இருந்தது, சிரிப்பு இருந்தது. ஊரே வற்றிக் கிடந்த காலத்தில் ஆயிஷா இரண்டு சுற்றுப் பெருத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தைந்தாம் வருடம் ஒரு நாள் ஒகினு கருகிய உடையோடு வந்தார். எட்டு மணிக்குத் திரும்பிய ஹனீபாவின் கால் முழங்கால்வரை சாம்பல். “குண்டு விழுந்து அந்தம்மாவுக்கு வீடே இல்ல புள்ள. தெருவே இல்ல. சாம்பல்ல உக்காந்துதான் வாசிச்சேன். கேக்க ஒரு ஆளு இல்ல” என்று சொல்லி அழுதார். அதன்பின் எட்டு மணி நெருங்கும்போதெல்லாம் ஆயிஷாவுக்கு இருப்புக்கொள்ளாது. புருஷன் வர வேண்டும். ஆனால் அவர் வந்தால் ஒகினு அந்தச் சாம்பலுக்குப் போக வேண்டும்.

ஜப்பான் சரணடைந்த சேதி வந்த மறுநாள், ஒகினு வந்து சேர்ந்தபின் கிராணி சொன்னார்: “தங்கச்சி, நாளைக்கு முத்திரையை எரிக்கப்போகினம். எட்டு மணிக்குக் குத்திறதுதான் கடைசி.”

எட்டு அடிக்க ஐந்து நிமிடம். ஒகினு சாமிசென்னை அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆயிஷா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “போகாதீங்கக்கா, அங்க என்ன இருக்கு!” என்று கதறினாள். மறுநொடியே, “யா அல்லாஹ், அவருக்கு நான் எங்க போவேன்!” என்றாள். கிராணி முத்திரையை எடுக்கையில் படிவம் நழுவித் தரையில் விழுந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அது ஆயிஷாவின் கைக்கு வந்தது.

கட்டங்களின் தலைப்பு ஜாவியில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் மலாயில், இருந்தது. ஆயிஷா ஓதப் படித்தவள்; வலப்பக்கத்திலிருந்து வாசித்தாள். ‘கலைஞர்’ என்ற தலைப்பின்கீழ் ஆர்மோனியம், சாமிசென். ‘சாமான்’ என்ற தலைப்பின்கீழ் ஹனீபா, ஒகினு.

“கிராணியாரே, எந்தப் பக்கத்துலேர்ந்து எழுதினீங்க?”

“இடப்பக்கத்தில இருந்துதான். இந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. முப்பது வருசமா அப்பிடித்தானே…” கிராணி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப போய் வந்ததெல்லாம் பெட்டியும் நரம்பும்தான். இவங்க சாமான். சாமான் விட்டா நிண்டிடும்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொல்லிவிட்டாளே தவிர ஆயிஷாவுக்கே உறுதி இல்லை. கணக்குத் தப்பினால் புருஷன் போன இடம் தெரியாது. ஆனாலும் சாமிசென்னைக் காட்டினாள், நாற்காலியைக் காட்டினாள், தன் கையை விரித்துக் காட்டினாள். ஒகினு வாத்தியத்தை ஒருமுறை தடவினார். பிறகு அதை நாற்காலியில் கிடத்திவிட்டு எழுந்து ஆயிஷாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

கிராணி கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். சாமிசென் போயிற்று. ஆர்மோனியம் வந்தது, வழக்கம்போல் அதைக் கட்டிப்பிடித்தபடி ஹனீபாவும் வந்தார். ஆயிஷா ஒரு கையால் அவரையும் மறுகையால் ஒகினுவையும் பிடித்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நின்றாள்.

“கடவுளே, நல்ல காலத்துக்குப் பிழை விட்டிருக்கிறன்” என்றார் கிராணி.

அடுத்த மாதம் ஜப்பானியர்களைக் கணக்கெடுக்க வந்த வெள்ளைக்காரத் துரையிடம் கிராணி படிவத்தை நீட்டி ஒவ்வொரு கட்டமாக வாசித்துக் காட்டினார், இந்த முறை ஆயிஷா சொல்லிக்கொடுத்தபடி வலப்பக்கத்திலிருந்து. துரை இரண்டு தடவை கேட்டார். சாமானைச் சிறைவைக்கச் சட்டம் இல்லாததால் கோப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒகினு அந்த வீட்டில் இன்னும் பத்தொன்பது வருடம் இருந்தார். மாலையில் பழைய பரிமாற்ற நேரம் வந்தால், யாரும் தொடாமலே ஆர்மோனியத்துக்குள்ளிருந்து மூன்று நரம்பின் ஓசை கேட்கும். போன சாமிசென்னை எங்கோ யாரோ எடுத்து வைத்து வாசித்திருக்க வேண்டும்.

“அக்கா, வந்துருச்சு லா” என்று ஆயிஷா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள். ஒகினு கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பார்.