தம்பியின் மொழிபெயர்ப்பாளர்

மிச்சிக்கோவின் குடும்பம் ஜப்பானில் தலைமுறை தலைமுறையாக மண்பாத்திரம் செய்தது. ஆனால் சூளையும் பரம்பரைப் பெயரும் அவளை விட்டுவிட்டுத் தம்பி கென்ஜிக்குப் போயின. பெண்பிள்ளைக்குச் சூளை எதற்கு என்று தகப்பன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவள் கனடாவில் மொன்றியலுக்கு வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு நிலவறையில் சின்ன மின்சூளை வைத்து, மாலை வகுப்பு நடத்திக் காலத்தை ஓட்டினாள்.

2006 நவம்பரில் கென்ஜி தன் பாத்திரங்களின் கண்காட்சிக்காக மொன்றியலுக்கு வந்தான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. மொழிபெயர்க்கக் கண்காட்சிக்காரர் அவளைத்தான் கேட்டார்கள். மறுத்தால் பொறாமை வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து ஒப்புக்கொண்டாள்.

மண்டபத்தின் நடுவில் ஓர் இளநீல ஜாடி நின்றது. அது அவளுடைய நீலம். பத்தொன்பது வயதில், வைக்கோல் சாம்பலைச் சலித்துச் சலித்து அவளே கண்டுபிடித்து, ஊர்ச் சூளையிலேயே விட்டுவந்த மெருகுப்பூச்சு. அடியில் தம்பியின் முத்திரை. அவன் நிதானமாகப் பேசப் பேச, அவன் பெருமையை எல்லாம் அவளே தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

அவளிடம் மண்வேலை படிக்க பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து வரும் யோசெப்பின் என்ற பெண்ணும் கூட்டத்தில் இருந்தாள். வகுப்பில் இதே நீலத்தைப் பார்த்தவள் அவள். கையை உயர்த்திப் பிரெஞ்சில் கேட்டாள்.

"இந்த நிறம் ஆர் கண்டுபிடிச்சது?"

மிச்சிக்கோ கேள்வியை ஜப்பானிய மொழியில் தம்பியிடம் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பாவும் நானும். கனகாலம் பாடுபட்டனாங்கள்."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"தன்ரை அக்கா கண்டுபிடிச்சதாம்," என்று பிரெஞ்சில் சொன்னாள். "அவவுக்கு அப்ப பத்தொன்பது வயசு. அந்த அக்கா நான்தான்."

மண்டபம் கைதட்டியது. யோசெப்பின் எழுந்தே நின்றுவிட்டாள். கென்ஜி ஒன்றும் விளங்காமல் குனிந்து வணங்கினான்.

மெத்ரோ ரயில் நிலையத்துக்கு நடக்கும்போதுதான் கேட்டான்.

"அக்கா, எல்லாரும் ஏன் உங்களைப் பாத்துக் கைதட்டினவை?"

"உண்மையைச் சொன்னன். அதுதான்."

அவன் நின்றான். கோபிப்பான் என்று நினைத்தாள். அவன் தலை தாழ்ந்தது.

"அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன்," என்றாள்.

ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. கைதட்டல் இங்கேயே கிடக்கும். இரண்டு நாளில் விமானமேறி, விறகு எரியும் அந்தச் சூளை வாயில் போய் நிற்கப்போவது அவன்தான்.