விகோவுக்கு நாலு விளக்கு

விகோ தன்மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்று அஸ்கர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். விகோ ஓர் உடும்பு. ஆப்பிரிக்கப் புல்வெளி இனம், நீட்டிப் படுத்தால் சோபாவில் பாதியை அடைத்துவிடும். டென்மார்க்கில் ஆல்போர் நகரத்தில் பஸ் ஓட்டும் அஸ்கருக்கு, மனைவி பிரிந்துபோய், நாயும் செத்துப்போய், மிச்சமிருந்தது விகோ ஒருத்தன்தான். சாயங்காலம் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, டிவியில் ஹேண்ட்பால் ஆட்டத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், மெல்ல ஊர்ந்து வந்து மடியில் ஏறிக்கொள்வான். சீறியதில்லை, பிராண்டியதில்லை. மற்றவர்களின் உடும்பெல்லாம் கடிக்கிறது என்று யாராவது புலம்பினால், "எல்லாம் வளர்க்கிற விதத்துல இருக்கு" என்று அஸ்கர் அலட்டிக்கொள்வான்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்வன வளர்ப்போர் சங்கத்துத் தோழி ரக்னா காப்பிக்கு வந்தாள். கையில் இலவங்கப்பட்டை ரொட்டி, பையில் கொரோனா காலத்தில் எல்லோர் நெற்றிக்கும் நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி வெப்பமானி. போகிற வீட்டில் எல்லாம் கூண்டை அளந்து பார்க்காவிட்டால் அவளுக்குக் காப்பி இறங்காது.

"சூட்டுக்கு எத்தனை விளக்குப்பா போட்டிருக்க?"

"ஒண்ணுதான். கடையில இருந்ததுலயே பெருசு. சும்மா சுள்ளுனு இறங்கும்."

விளக்கடியில் கல்மேல் கிடந்த விகோவின் முதுகுக்கு நேரே துப்பாக்கியைப் பிடித்தாள். பிறகு வாலுக்கு. பிறகு மறுபடியும் முதுகுக்கு. அவள் முகம் மாறிவிட்டது.

"முதுகுல அறுபது டிகிரி காட்டுது. வால்ல இருபத்தி மூணு."

"நாள் முழுக்க அங்கேயேதான் கிடப்பான். அவ்வளவு பிடிச்சிருக்கு அவனுக்கு."

"பிடிச்சுப்போய்க் கிடக்கலப்பா. உடம்புல சூடு ஏறவே மாட்டேங்குது, அதான் எந்திரிக்காம கிடக்கான். கிட்ட வந்து முதுகைப் பாரு."

அஸ்கர் குனிந்து பார்த்தான். நடு முதுகில் கறுப்பாக ஒரு திட்டு. வயசு ஏற ஏற வரும் அழகு என்று நினைத்து, அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். விரலால் தொட்டான். தீய்ந்த ரொட்டி ஓரம் மாதிரி மொடமொடவென்று இருந்தது.

"சுட்டா நகர மாட்டானா?"

"முதுகு வேகுது, மத்த உடம்பு விறைக்குது. பாவம், அவன் எந்தப் பக்கம் போவான்?"

"ஆனா ரக்னா, எவ்வளவு சாது தெரியுமா. தானா வந்து என் மடியில..."

"உன் உடம்பு முப்பத்தேழுப்பா" என்றாள் ரக்னா.

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சூடு எவ்வளவு என்று சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அஸ்கருக்கு யாரோ பொளேரென்று அறைந்தது போலிருந்தது. ரொட்டி தட்டிலேயே ஆறிப்போனது.

மறுநாள் மிருக வைத்தியரிடம் களிம்பு வாங்கினார்கள். அடுத்தது விளக்குக் கடை. அஸ்கர் பதற்றத்தில் இன்னும் பெரிய விளக்கு ஒன்றைத் தூக்கினான்.

"அதை வை. இன்னொரு எடத்துல பொசுக்கவா? ஒண்ணு பெருசா வேணாம், மிதமா நாலு. வெளிச்சம் விரிஞ்சு விழற ஹாலஜனா எடு. வரிசையா மாட்டினா உடம்பு மொத்தத்துக்கும் ஒரே மாதிரி சூடு கிடைக்கும். அவன் தொட முடியாத உயரத்துல."

"இந்த எல்.இ.டி.? மின்சாரம் மிச்சமாகுமே."

"அது வெளிச்சம்தான் தரும். அவன் என்ன பேப்பர் படிக்கப் போறானா?"

நாலு விளக்கும் ஏறின. முதல் வாரத்திலேயே விகோ கல்மேல் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்து மண்ணைத் தோண்ட ஆரம்பித்தான். மரக்கட்டையில் ஏறினான். கரப்பான்பூச்சிகளைத் துரத்தித் துரத்தித் தின்றான். முதுகில் புதுத்தோல் வந்தது. இந்த மிருகத்தை அஸ்கர் அதுவரை பார்த்ததே இல்லை. ஒருநாள் வழக்கம்போல் தூக்கக் கை நீட்டினான். விகோ தொண்டையை உப்பிக்கொண்டு சீறினான். வால் சாட்டையாகச் சுழன்று அஸ்கரின் மணிக்கட்டைப் பிளந்தது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு அஸ்கர் அப்படியே நின்றான். கதவைத் திறந்துவிட்டாலும் விகோ இப்போது மடிப்பக்கம் வருவதில்லை, சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறான்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் அஸ்கர் நாலு விளக்கில் மூன்றை அணைத்தான். ஒரே ஒரு நாள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பொழுது சாய்வதற்குள் விகோவின் நடை தளர்ந்துவிட்டது. மெல்ல ஊர்ந்து வந்தான். முழங்காலில் ஏறி, மடியில் பரவி, பழையபடி கண்ணை மூடினான். அஸ்கருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அணைத்துக்கொள்ள விகோவின் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்தான்.

ஜில்லென்று இருந்தது.

இத்தனை வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கும். இந்தக் குளிரைத்தான் தடவிக்கொடுத்து, பாசம் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தான். அப்போதாவது தெரியாமல் செய்தான். இன்றைக்கு விளக்கை அணைத்தது யார்? தன் கையைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அவசரமாக எழுந்து, விகோவைக் கொண்டுபோய்க் கல்மேல் கிடத்தி, மூன்று விளக்கையும் போட்டான். தரையில் உட்கார்ந்து கூண்டுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தான். வெகு நேரம் அசைவில்லை. பிறகு ஒரு கண் திறந்தது. தலை நிமிர்ந்தது. தொண்டை உப்பியது. அஸ்கரைப் பார்த்து விகோ நீளமாகச் சீறினான்.

"சீறுடா" என்றான் அஸ்கர். "நல்லா சீறு."