ஐந்து ஸ்வெட்டர்கள்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பின் மூலைகளை இரண்டு பேர் ஒரே சமயத்தில் இழுத்துப் பிடித்து இஸ்திரி உருளைக்குள் விடவேண்டும். ஒருத்தி கை கொஞ்சம் பிந்தினாலும் துணி கோணிக்கொள்ளும், உருளை நிற்கும், வரிசை முழுக்க முணுமுணுக்கும். ஸ்டாக்டன் சலவைச்சாலையில் ரோசால்பாவுக்கும் வெர்னாவுக்கும் சேர்ந்த முதல் வாரத்திலேயே கை ஒத்துப்போய்விட்டது. இந்த ஜனவரியில்தான் வெர்னா துணியை வெடுக்கென்று இழுக்க ஆரம்பித்திருந்தாள்.

"நாளைக்கும் லீவாமே மகாராணிக்கு?"

ரோசால்பா துணியைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"நீ மட்டம் போட்டா எனக்கு ஜோடி அந்தத் தூங்குமூஞ்சி கிரேஸ். சாயங்காலம் தோள தூக்க முடியல. எந்த ஓட்டல்லடி இன்டர்வியூ? போன தடவ மடிப்புக் கலையாத சட்டையோட கார் ஏறினத நான் பாத்தேன்."

குற்றத்தில் பாதிக்கப்பட்டவரும் அவர் குடும்பத்தாரும் நீதிமன்றத்துக்குப் போக லீவு உண்டு, அதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது, காரணத்தையும் முதலாளி தரப்பு வெளியே சொல்லக் கூடாது. கலிபோர்னியாவில் சட்டம் அப்படி. மேஸ்திரி டெனிஸ் வாழ்நாளில் முழுசாகக் கடைப்பிடித்த சட்டம் இது ஒன்றுதான். அவன் வாயைத் திறக்கவில்லை, அதனால் மற்றவர்கள் திறந்தார்கள். ஒருத்தி வேறு வேலை என்றாள், இன்னொருத்தி ஆள் பிடித்திருக்கிறாள் என்றாள். வழக்கு தள்ளிப்போகப்போக கதைகளும் வளர்ந்தன.

ரோசால்பாவும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயது எலியாஸ் ஒரு கடைவாசலில் குத்துப்பட்டுச் செத்த பிறகு ஊர் மாறி வந்தவள் அவள். இங்கே யாருக்கும் அவள் செத்தவனின் அம்மா இல்லை. விரிப்பின் இடது மூலை, அவ்வளவுதான். அந்த எட்டு மணி நேரத்தை இழக்க அவளுக்கு மனமில்லை.

ஆனால் வெர்னா விடுகிற ஜாதியில்லை. "சொல்லித் தொலையேன்!"

"எம்பையன கொன்னவனுக்கு நாளைக்குத் தண்டன சொல்றாங்க."

வெர்னாவின் கை பிந்தியது. துணி கோணி உருளை நின்றது. அன்று யாரும் முணுமுணுக்கவில்லை.

"அங்க ஒன்கூட யாருடி இருப்பா?" என்றாள் வெர்னா, துணியை நேராக்கியபடி.

"அவன் பக்கம் மூணு வரிச ஜனம். அம்மா, அத்தைங்க, சர்ச்சுக்காரங்க. எம்பக்கம் நான்தான். கைப்பைய கொஞ்சம் தள்ளி வப்பேன், கோட்ட அதுக்கும் அந்தாண்ட. நாதியத்த பையன்னு ஜட்ஜ் நெனச்சிட்டா என்ன பண்றது?"

வெர்னா நேராக டெனிஸிடம் போனாள்.

"நாளைக்கு எனக்கும் லீவு வேணும். இவகூடப் போகணும்."

"நீ அவங்களுக்கு என்ன சொந்தம்?"

"ஒரே துணிய ஆளுக்கொரு பக்கம் புடிக்கிறோம்."

"அதெல்லாம் சட்டத்துல வராது வெர்னா. சொந்தக்காரங்களுக்குத்தான். நாளைக்கு நாலு ஆஸ்பத்திரி லோடு வேற." அவன் கெட்டவன் இல்லை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உருளைச் சூட்டில் ஸ்வெட்டர் போட்டு நிற்க முடியாது. காலையில் வந்ததும் எல்லோரும் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். அன்று வேலை முடிந்ததும் வெர்னா கொக்கிகளிலிருந்து ஐந்தை எடுத்தாள். தலையணை உறை மடிப்பதுபோல் மூலைக்கு மூலை வைத்து மடித்தாள்.

"ஒரு கோட்டு போதாது. பெஞ்சு முழுக்க வை. பச்ச என்னுது, எனக்குத் திரும்ப வரணும்."

கிரேஸுடையதும் அதில் இருந்தது. பனிக்காற்றில் ஐந்து பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு கார்களுக்கு ஓடினார்கள். ரோசால்பாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் நீதிமன்றத்தில் கொன்றவன் பக்கம் இடம் போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். ரோசால்பா தன் பெஞ்சில் ஆளுக்கொரு இடமாக ஸ்வெட்டர்களை வைத்தாள். காவலர் வந்து குனிந்தார்.

"இதெல்லாம் எடுத்துரும்மா. அவங்க உக்காரட்டும். இங்க யாராவது வர்றாங்களா என்ன?"

"வர முடியாது சார். வேலைல இருக்காங்க."

அவர் வரிசையை ஒருமுறை பார்த்தார். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். தண்டனைக்கு முன் மகனைப் பற்றி ஜட்ஜிடம் வாசிக்க எழுதி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தபோது முழங்கை பட்டு, பச்சை ஸ்வெட்டரின் ஒரு கை பெஞ்சிலிருந்து சரிந்து தொங்கியது. காவலர் அதைத் தூக்கி மறுபடி பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டார்.