வெறும் ஸ்பிரிட் வட்டு

கொய்யா இலை ஜெயித்துவிட்டது என்று அக்காவிடம் போய்த் தம்பட்டம் அடித்தது நான்தான். கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவள் சொன்னால் அவள் நம்பாமல் என்ன செய்வாள்?

அக்கா பண்ணையில் அறுபது முயல்கள். சளி நோய் புகுந்திருந்தது. முயல் ஒழுகும் மூக்கை முன்னங்காலால் துடைத்துக்கொள்ளும். காலைப் புரட்டி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். டாக்டரின் ஊசிக்கு நோய் மெதுவாகத்தான் இறங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் காகித வட்டை நனைத்து, கிருமி பூசிய தட்டில் ஈரத்தோடு வைத்தேன். மறுநாள் வட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காத பளிச்சென்ற வளையம்.

"மூணு முயலுக்கு மட்டும் ஊசியை நிறுத்திட்டு, இலையைக் கொதிக்க வெச்ச தண்ணி குடுத்துப் பாருக்கா" என்றேன்.

நாலு நாள் கழித்து எங்கள் மேலதிகாரி தட்டைப் பார்த்தார். "வெறும் ஸ்பிரிட் வட்டு எங்கம்மா?"

இலைச் சாறு சேராமல் ஸ்பிரிட்டில் மட்டும் நனைத்த வட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்; அதை நான் வைக்கவே இல்லை. உடனே வைத்தேன். இன்று காலை திறந்தால் அதே வளையம், இம்மியும் குறையவில்லை. கிருமியைக் கொன்றது காயாத ஸ்பிரிட். கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு.

அக்கா போனை எடுக்கவில்லை. வண்டியை விரட்டிக்கொண்டு போனேன்.

"அந்த மூணும் எப்படிக்கா இருக்கு?"

"மூணு என்னடி மூணு? எல்லாத்துக்கும் ஊசியை நிறுத்திட்டேன். நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

கொட்டகைக் கோடியில் ஒரு தும்மல். அப்புறம் பக்கத்துக் கூண்டில் இன்னொன்று.

"தப்பு பண்ணிட்டேன்க்கா. கிருமியைக் கொன்னது இலை இல்ல, ஸ்பிரிட்டு. இப்பவே டாக்டரைக் கூப்பிடு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்து டாக்டரிடம் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு என்னைக் கடைசிக் கூண்டுக்கு இழுத்துப் போனாள். முந்தாநாள் குட்டி போட்ட முயல் அங்கே இருந்தது.

"காலையிலேர்ந்து இதோட காலை மட்டும் நான் பாக்கல. பயமா இருக்கு. நீயே பாரு."

முன்னங்காலைப் புரட்டினேன். ரோமம் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. பக்கத்துப் பெட்டியில் ஒன்பது குட்டிகள், இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.