குள்ளனுக்கு வந்த வாழ்வு

குள்ளனை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதில் தம்பிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அவன் வேலை பார்த்த இசைக்கருவிக் கடையில் அந்தக் கிட்டாருக்கு வைத்திருந்த பட்டப்பெயர்தான் குள்ளன். கம்பெனிக்காரன் எழுத்தும் எண்ணும் கலந்து ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தான். அது யார் வாயிலும் நுழையவில்லை. கழுத்து குட்டை, உடம்பு சின்னது, மேலிருந்து கீழ்வரை ஒரே மங்கல் பழுப்பு. பளபளப்பு கிடையாது, சிப்பி வேலைப்பாடு கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய், மினுமினுப்பான ஒன்றைக் கையிலெடுத்துக் கண்ணாடி முன்னால் நின்றுகொள்வார்கள். சலித்துப்போய் கம்பெனியே அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. கடைசியாக வந்த இரண்டும் கடையின் பின்னறையில் அட்டைப்பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெரிய கிட்டார்கள் எல்லாம் கூட்டத்தில் சத்தம் போட்டுப் பேசும் மாமா மாதிரி. பாடுகிறவர் குரலை அமுக்கிவிட்டுத் தாங்களே பேசும். குள்ளன் அப்படியில்லை. தொட்டதும் ஒலி வரும், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கும். கழுத்து குட்டை என்பதால் கம்பிகள் கொஞ்சம் தளர்வு. விரல்களை அதிகம் அகட்டவும் வேண்டாம்.

இந்தக் கடைசிக் குணம்தான் அக்காவுக்கு உயிர். மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை நொறுக்கிக்கொண்டவள் அவள். தகடு வைத்துத் தைத்து அனுப்பிய டாக்டர், எழுதலாம், சமைக்கலாம், கிட்டாரை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். சாதாரண கிட்டாரைப் பிடித்தால் சுண்டுவிரல் கொக்கி மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கும். தம்பிதான் அவளுக்கு ஒரு குள்ளனைக் கொண்டுவந்து கொடுத்தான். கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டை இழைத்து இழைத்துக் கம்பியின் உயரத்தைக் குறைத்து, அவள் விரலுக்குத் தோதாக ஆக்கினான். அதற்கப்புறம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு பழகியதும், வலியில் அழுததும், அழுது முடித்து மறுபடி பழகியதும் வீட்டுக்கே தெரியும். ஒரு வருஷம் போல அப்படி. இப்போதுதான் ஒரு நாடகக் குழுவில் இசைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கை போன பிறகு கிடைத்த முதல் வேலை.

இதற்கு நடுவில்தான் தம்பி தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் போனது.

கடைக்கு வந்த ஒருவர் குள்ளனைப் பார்த்துவிட்டு, "இது என்ன, பிள்ளைங்க விளையாடற பொம்மையா?" என்று சிரித்தார். தம்பிக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே போனை எடுத்து வைத்துக்கொண்டு, குள்ளனின் அருமை பெருமைகளை மூச்சு விடாமல் பேசி ஒரு வீடியோ எடுத்தான். அவனுடைய சேனலை அதுவரை சொந்தக்காரர்கள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் முகதாட்சண்யத்துக்காக. பேச்செல்லாம் நன்றாகத்தான் வந்தது. வாசித்துக் காட்டும் இடத்தில் இடித்தது. கிட்டாரைச் சரிசெய்வதில் அவன் புலி. வாசிப்பதில் சுமார் என்று சொன்னாலே அதிகம்.

அவனிடம் வேறொன்று இருந்தது. கதவு பாதி திறந்திருந்த ஒரு நாள், அக்கா பழகுவதைப் போனில் பிடித்து வைத்திருந்தான். முகம் இல்லை, மடியும் கிட்டாரும் இரண்டு கைகளும் மட்டும். அதைக் கொண்டுபோய் வீடியோவில் ஒட்டினான். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், மேடையேறும்வரை யார் காதிலும் விழக்கூடாது என்று சொல்லியிருந்தாள். "வாசிக்கிறவங்களைப் பார்க்காதீங்க, மரத்தைக் கேளுங்க!" என்று குரலை வேறு சேர்த்தான்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. யார் யாரோ பார்த்தார்கள், யார் யாருக்கோ அனுப்பினார்கள். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை கடை திறந்ததுமே ஒரு பல் டாக்டர் வந்து பின்னறையில் இருந்த இரண்டையும் கேட்டார். தம்பியே துடைத்து, டியூன் செய்து, வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தான். ஒன்றை எடுத்து ஒளித்து வைப்போம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அக்காவிடம்தான் ஒன்று இருக்கிறதே என்று நினைத்தான் மடையன்.

சில வாரங்கள் கழித்து, நாடகக் குழுவின் ஒத்திகை அறையில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி, அக்காவின் கிட்டார் பெட்டி ராத்திரி முழுக்க நனைந்தது. காலையில் திறந்து பார்த்தால் மேல்பலகை உப்பி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மரத்தோடு பிய்ந்து நின்றது. தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். இது இனி தேறாது.

"பரவாயில்லடா, உங்க கடையில ரெண்டு சும்மா கெடக்குன்னு சொல்லுவியே. ஒண்ணு எடுத்துட்டு வா," என்றாள் அக்கா. "திங்கக்கிழமை முழு ஒத்திகை. டைரக்டர் அவரோட பெரிய கிட்டாரைக் குடுத்தாரு. பாதிப் பாட்டுலயே விரல் இழுத்துக்கிச்சு. அவரு ஒண்ணும் சொல்லல, ஆனா வேற யாருக்கோ போன் பண்ணிக் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

"பார்க்கறேன்க்கா," என்று மட்டும் சொன்னான் தம்பி.

பார்த்தான். தெரிந்த கடை, தெரியாத கடை, பழைய சாமான் கடை, பக்கத்து ஊர், தூரத்து ஊர் என்று ஒன்று விடாமல் போன் போட்டான். போன மாதம்வரை தூசி தட்ட ஆளில்லாமல் கிடந்த கிட்டார் எங்கேயும் இல்லை. "இருந்துச்சு தம்பி, யாரோ ஒரு பையன் ஆகா ஓகோன்னு ஒரு வீடியோ போட்டான்ல, அன்னிக்கே போயிடுச்சு," என்றார் ஒரு கடைக்காரர். அந்தப் பையன் நான்தான் என்று சொல்லாமலே போனை வைத்தான். கடைசியில் வெட்கத்தை விட்டுப் பல் டாக்டரைத் தேடிப் போனான்.

கிளினிக்கில் கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதும் டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டார். ஒரு குள்ளன் மூலையில் சாய்ந்திருந்தது. இன்னொன்று வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்குப் போய்விட்டதாம்.

"உங்களைத்தான் நானே தேடணும்னு இருந்தேன்," என்றார் டாக்டர். "மரத்தைக் கேளுங்கன்னு சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். இந்த மரம் எங்கிட்ட பேசவே மாட்டேங்குது! கம்பி மாத்தியாச்சு, வாத்தியார் மாத்தியாச்சு. வீடியோவில வந்த சத்தம் இதுல இல்ல. அது வேற கிட்டாரா? உண்மையைச் சொல்லுங்க."

"அதே மாடல்தான் டாக்டர். சத்தியமா."

"அப்ப நீங்க வாசிச்சுக் காட்டுங்க."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. வாசித்தது அக்கா என்பதையும், அவளுடைய கிட்டார் போனதையும், ஒத்திகையையும் கொட்டினான். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சரி, அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நேர்ல ஒரு தடவை கேட்டுட்டா, இதை அவங்களே எடுத்துக்கிட்டுப் போகட்டும். நான் ஏமாந்தேனா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

வீட்டுக்கு வந்தபோது அக்கா சமையலறையில் இருந்தாள். சொல்லாமல் தீராது. தம்பி சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். வீடியோவை முழுசாகப் பார்த்தாள். அவன் பேசிய பேச்சையும் கேட்டாள். பிறகு கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"வாசிக்கிறது சாதாரண ஆள்தான், கிட்டார்தான் தூக்கி நிறுத்துதுன்னு ஒருத்தன் எழுதியிருக்கான்," என்றாள். "நீ லைக் போட்டிருக்கே."

"எல்லாத்துக்கும் போட்டேன்க்கா. படிக்காமலே போட்டுட்டேன். சத்தியமா."

அவன் பொய் சொல்லவில்லை. புகழ்ச்சி மயக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை நீட்டியிருந்தான். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பான். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பாரு?" என்று கேட்டாள்.

மறுநாள் மத்தியானம், பல் பிடுங்கும் நாற்காலிக்கு எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அக்கா வாசித்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டாக்டர் வாய்திறந்து நின்றார். அன்றைக்கு அவருடைய முறை. அதே மரம்தான், அத்தனை நாளாய் அவரிடம் பேசாத மரம். தம்பிக்குப் பெருமை பாதி, குற்ற உணர்ச்சி பாதி. எது எங்கே முடிகிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

"எடுத்துக்குங்கம்மா," என்றார் டாக்டர். "தப்பு கிட்டார் மேல இல்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அக்கா. விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினாள். "கம்பிதான் கொஞ்சம் உயரமா இருக்கு. இறக்கணும்."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது அவன் வேலையல்லவா! "கடைக்குப் போய் இப்பவே இறக்கிடலாம்க்கா. ஒரு மணி நேரம் போதும்."

அவள் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு அவனுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். சிக்னல் தாண்டியதும், "இடது பக்கம் திருப்பு," என்றாள். அவன் கடை வலது பக்கம். திருப்பினான். வேறொரு தெரு, வேறொரு பட்டறை. வாசலில் பிடில்களும் கிட்டார்களும் உரித்த ஆடுகள் மாதிரி தொங்கின. உள்ளே அரத்தூள் படிந்த மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். தம்பி ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். உள்ளே வா என்றும் அவள் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். செத்துப்போன கிட்டாரில் கம்பிகள் ஏறி உட்கார்ந்திருந்த எலும்புத் துண்டு. "இதே அளவுல ஒண்ணு இழைச்சு இதுக்குப் போட்டுக் குடுங்க."

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அவர் புருவம் மெதுவாக ஏறியது.

"அடேங்கப்பா! மெல்லிசுக் கம்பிப் பக்கம் மட்டும் துளித்துளியா இறக்கியிருக்கே. ரொம்பப் பொறுமையான கை. யாரோ ஒருத்தரோட விரலை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் இதை இழைச்சிருக்கணும்," என்றார். "யாரும்மா செஞ்சது?"

தம்பி நிமிர்ந்தான்.

"கிட்டாரோடவே வந்ததுங்க," என்றாள் அக்கா.